மாணவன் என்பதற்கு என்ன அடையாளம்?

ஐந்தருவிப் பக்கம் நேற்றிலிருந்து சாரல் விடவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்ததால் இந்தப் பதிவு கொஞ்சம் நீண்டுவிட்டது. ஒரு காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது ஒரு கல்லூரி மாணவிக்குத் தாய், போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "சார், மகளுக்குக் காலேஜ்ல ஸ்மார்ட் கார்டு கொடுத்திருக்காங்க. கேட்ல, லைப்ரரில, கேன்டீன்ல, ஹாஸ்டல்ல எல்லாத்துக்கும் அதைத்தான் தேய்க்கணுமாம். எதுக்கு சார் எல்லாத்துக்கும் ஒரே கார்டு? இது நல்லதா கெட்டதா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்துதான் தொடங்குவார். உங்களுக்குத் தெரியாததா!

மாணவனுக்கு ஏன் அடையாளம் தேவைப்பட்டது? ஐரோப்பாவில் முதலில் அது மாணவனின் பாதுகாப்புக்காகத்தான் வந்தது. இத்தாலியின் பொலோஞா நகருக்குச் சட்டம் படிக்கப் பல நாட்டு இளைஞர்கள் போனார்கள். ஊர் விட்டு ஊர் போனவனை எவனும் அடிக்கலாம், பிடிக்கலாம். அவனுடைய நாட்டுக்காரன் எவனோ வாங்கிய கடனுக்கு இவனைப் பிடித்து வைக்கிற வழக்கமும் இருந்தது. 1155 வாக்கில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா ஒரு ஆணை பிறப்பித்தார். கல்விக்காகப் பயணம் செய்பவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, பிறர் கடனுக்கு அவர்களைப் பிடிக்கக் கூடாது, அவர்கள் மேல் வழக்கு வந்தால் தங்கள் ஆசிரியர் முன்னிலையிலோ பிஷப் முன்னிலையிலோ விசாரணையைக் கேட்கலாம் என்றது அது.

சலுகை என்று ஒன்று வந்தால் அடுத்த நாளே போலியும் வரும். நம் ஊர் இலவசப் பந்தியில் பார்த்ததுதானே. இங்கிலாந்தில் மாணவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் தொல்லை தாங்காமல், ஆசிரியர் ஒருவரின் கீழ் இல்லாத எவரும் மாணவன் என்ற பெயரில் பல்கலைக்கழக ஊரில் தங்கக் கூடாது என்று 1231இல் மூன்றாம் ஹென்றி அரசர் உத்தரவிட்டார். ஆசிரியரிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். லத்தீன் மொழியில் பட்டியலுக்குப் பெயர் மெட்ரிக்குலா. நம் ஊரில் மூலைக்கு மூலை இருக்கும் மெட்ரிக் பள்ளிகளின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். மெட்ரிக்குலேஷன் என்றால் பட்டியலில் பெயர் ஏறியது என்று பொருள். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

பட்டியலில் இருந்த பெயர் பிறகு மாணவன் சட்டைப்பைக்குள் அட்டையாக இறங்கியது. 1878இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்குப் போன அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். தெருவில் ஒரு மாணவன் ஏதோ தப்புச் செய்கிறான், போலீஸ்காரர் பிடிக்க வருகிறார். அவன் தன் மெட்ரிக்குலேஷன் அட்டையை எடுத்துக் காட்டுகிறான். போலீஸ்காரர் முகவரியைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார். தண்டனையைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். அதற்கென்று மாணவர் சிறை ஒன்றும் அங்கே இருந்தது. 1914 வரை பயன்பட்ட அந்தச் சிறையை, மாணவர்கள் சுவரெல்லாம் கிறுக்கி வைத்த படங்களோடு இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்க்கலாம். ஜெர்மனியில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது போய்ப் பார்த்தால் படம் அனுப்புங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த அட்டை மாணவன் தானாக எடுத்துக் காட்டியது. காட்டினால் அவனுக்கு லாபம். இன்றைய அட்டை பெரும்பாலும் மற்றவர்கள் கேட்கிற அட்டை. கைமாறியது எப்போது என்பதுதான் என் கேள்வி.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அது முக்கியமாகத் தேர்வு நடத்தும் இடம்தான். ஆகவே நமக்கு மாணவன் அடையாளம் என்றால் முதலில் ஹால் டிக்கெட். பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டி.சி. இரண்டிலும் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருக்கும். புகைப்படம் எடுக்கக் காசில்லாத காலத்தில் மச்சமும் தழும்பும்தான் பயோமெட்ரிக். "வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு." மச்சமே இல்லாத பிள்ளைகளை ஜன்னல் ஓரம் நிறுத்தித் தேட வேண்டியிருக்கும். மாடு முட்டிய தழும்பு, தேங்காய் உரிக்கும்போது பட்ட வெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். படிவத்துக்கு இரண்டு வரி போதும். எனக்கு ஒரு குடும்பமே தெரிந்துவிடும்.

குற்றாலத்தில் குற்றாலநாதர் கோயில் நடத்தும் பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கியது. நம் வீட்டுப் பெண்கள் பலர் அங்கே படித்தவர்கள். முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தபின் அது, 1990இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபின் அது என்று ஒரே கல்லூரி மூன்று பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் பெரியம்மா, அக்கா, தங்கை மூவரும் அதே வகுப்பறையில் படித்து மூன்று வேறு பட்டங்களை வைத்திருக்கலாம். செங்கோட்டைக்காரர்கள் இதற்கும் மேலே. 1956 நவம்பர் 1 வரை அவர்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அட்டையில் இருந்த முத்திரை மாறிக்கொண்டே இருந்தது. கல்லூரி வாசலில் இருந்த காவலாளி மட்டும் எந்த அட்டையும் கேட்காமல் யார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுவார். அதிலும் தொல்லை உண்டு. மத்தியானமே கல்லூரியை விட்டுக் கிளம்பினால் அந்தச் செய்தி இவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கண்காணிப்பு என்பது சிப்போடு வந்த புதுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது சிப்புக் கதை. பிளாஸ்டிக் அட்டைக்குள் மின்னணுச் சில்லை வைக்கும் யோசனைக்கு 1968இல் ஜெர்மனியில் டெத்லோஃப், கிரோட்ரப் என்ற இருவர் காப்புரிமை கேட்டார்கள். 1974இல் பிரான்சில் ரோலண்ட் மொரேனோ என்பவரும் பதிவு செய்தார். பிரான்சில் 1980களில் தொலைபேசி அட்டையாக அது மக்கள் கைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் எளிது. வளாகம் என்பது மதில் போட்ட ஒரு சின்ன ஊர். தினமும் அதே ஆட்கள், அதே சாப்பாட்டுக் கூடம், அதே நூலகம், அதே நகல் எடுக்கும் கடை. எல்லாருக்கும் அட்டையைக் கட்டாயமாகக் கொடுத்துவிடலாம், வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. புதிய கருவியைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தில் மோண்டெக்ஸ் என்று ஒரு பணஅட்டை வந்தது. காசுக்குப் பதில் அட்டையிலேயே பணம் இருக்கும். 1995 ஜூலையில் ஸ்விண்டன் என்ற ஊரையே சோதனைக்களமாக எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். பஸ், கடை, பெட்டிக்கடை வரை கருவி வைத்தார்கள். ஊர் மக்கள் சட்டை செய்யவில்லை. சில்லறை கையில் இருக்கும்போது அட்டை எதற்கு என்று இருந்துவிட்டார்கள். 1998இல் சோதனை முடிந்தது. அதே மோண்டெக்ஸ் எக்ஸிடர், யார்க் போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர் அட்டைக்குள் நுழைந்தது. அங்கேயும் அதன் ஆயுள் நீளவில்லை. ஆனால் அட்டை போகவில்லை. பணம் வைக்கும் வேலை போனால் கதவு திறக்கும் வேலை, அதோடு நூலக வேலை, பிறகு வருகைப் பதிவு என்று அட்டைக்கு வேலை தேடிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் அட்டை வரும், அதன் உபயோகம் பிறகு வரும். உலகம் முழுக்க இந்தக் கதையில் நான் கண்ட ஒழுங்கு இதுதான். அட்டை கொடுக்கும் நாளில் சொல்லும் காரணமும் ஐந்து வருடம் கழித்து அது செய்கிற வேலையும் ஒன்றாக இருந்தால் அது ஆச்சரியம்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி வந்தபோது வங்கிகள் முன்வந்தன. நம் நாட்டிலும் அடையாள அட்டையும் டெபிட் கார்டும் ஒன்றாக இருக்கும் அட்டைகளை வங்கிகள் கல்லூரிகளுக்குக் கொடுத்திருக்கின்றன. கல்லூரிக்கு அட்டைச் செலவு மிச்சம், வங்கிக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் புதுக் கணக்கு. பதினேழு வயதில் திறந்த கணக்கை ஆள் அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டான் என்பது வங்கிக்காரருக்குத் தெரியும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 2000ஆம் ஆண்டு ஹையர் ஒன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கல்லூரிகள் மாணவர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய உதவித்தொகை மிச்சத்தை இவர்களுடைய டெபிட் அட்டை வழியாகக் கொடுப்பார்கள். கணக்கில் பணம் போதவில்லை என்றால் கட்டணம், அதே ஒரு பரிவர்த்தனைக்கு மறுபடி மறுபடி கட்டணம். 2012இல் அந்நாட்டு வைப்புக் காப்பீட்டு நிறுவனம் தலையிட்டு, சுமார் 60,000 மாணவர்களுக்குச் சுமார் 1.1 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க வைத்தது. 2015இல் அமெரிக்கக் கல்வித் துறையே இப்படிப்பட்ட அட்டைகளுக்கு விதிகளைக் கொண்டுவந்தது. ஏழைப் பிள்ளையின் உதவித்தொகையில் கட்டணம் பிடித்தவர்களும் ஒருகாலத்தில் மாணவர்கள்தான் என்பது இந்தக் கதையில் எனக்குக் கசப்பான இடம்.

அடுத்து வருகைப் பதிவு. இது என் சொந்தப் பேட்டை. காலையில் ஒரு சாய்கோடு, மத்தியானம் குறுக்காக ஒரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் முழு நாள். பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" சொல்லும் குரல் உண்மையா பக்கத்துப் பையன் குரலா என்று கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும் என்பதால் அங்கே இந்தப் பதிலிக் குரலுக்கு மதிப்பு அதிகம்.

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் 2010இல் பெரிய வகுப்பறைகளின் வாசலில் அட்டை படிக்கும் கருவிகளை வைத்தது. மாணவன் உள்ளே நுழைந்தாலே வருகை பதிவாகிவிடும். பணம் மத்திய அரசின் பொருளாதார ஊக்க நிதியிலிருந்து வந்தது. மாணவர்கள் முகநூலில் கூடி எதிர்த்தார்கள். கருவியின் ஓட்டை எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: ஒருவன் ஐந்து பேர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனால் ஐந்து பேருக்கும் வருகை. "உள்ளேன் ஐயா" என்று குரலை மாற்றும் சிரமம்கூடக் கிடையாது.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரின் நார்த்சைடு பள்ளி மாவட்டம் 2012இல் இரண்டு பள்ளிகளில், சுமார் 4,200 மாணவர்களுக்கு, ரேடியோ சில்லு வைத்த அட்டைகளைக் கழுத்தில் மாட்டியது. காரணத்தை ஒளிக்கவும் இல்லை. அங்கே அரசு மானியம் தினசரி வருகையைப் பொறுத்தது. பிள்ளை பள்ளிக்குள்ளேயே, நடைபாதையிலோ கழிவறையிலோ இருந்து, பெயர் கூப்பிடும்போது இருக்கையில் இல்லாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். ஆகவே எங்கே நிற்கிறான் என்று அட்டை சொல்ல வேண்டும். ஒரு மாணவி மத நம்பிக்கையைச் சொல்லி அணிய மறுத்தார், வழக்கு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். ஆனால் எதிர்பார்த்த அளவு வருகையும் கூடவில்லை, கெட்ட பெயர்தான் மிச்சம். 2013இல் பள்ளி நிர்வாகமே அதைக் கைவிட்டது. வழக்கில் தோற்ற பெண் வீட்டில் உட்கார்ந்து ஜெயித்தார்.

லண்டனில் படிக்கப் போன நம் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு இன்னும் நெருக்கமானது. 2009இல் பிரிட்டன் புள்ளி முறை மாணவர் விசாவைக் கொண்டுவந்தபின், வெளிநாட்டு மாணவர் வகுப்புக்கு வருகிறாரா என்று பார்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமையாகிவிட்டது. 2012 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமத்தையே அரசு ரத்து செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, வருகையைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், தவறே செய்யாதவர்களும் சேர்த்து, வேறு பல்கலைக்கழகம் தேடி அலைந்தார்கள். 2013 ஏப்ரலில் உரிமம் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அந்த மாணவர்களின் ஒரு கல்வியாண்டு ஓடிவிட்டது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மற்றப் பல்கலைக்கழகங்கள் வருகையில் எவ்வளவு கண்டிப்பாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நூலகப் புத்தகம் எடுக்க வந்த அட்டை குடியேற்ற அதிகாரியின் கைக்கருவியாக மாறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயப் பையன் வகுப்பைத் தவறவிட்டால் பேராசிரியர் முகம் சுளிப்பார். நம் பையன் தவறவிட்டால் விசா. அட்டை ஒன்றே, அதன் கனம் ஆளுக்கு ஆள் வேறு.

இப்போது எனக்கு மிகவும் யோசனை கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அரிசோனா பல்கலைக்கழகத்தில் சுதா ராம் என்று ஒரு பேராசிரியர். அந்த வளாகத்தில் மாணவர் அட்டைக்கு கேட்கார்டு என்று பெயர். சுமார் 700 இடங்களில் அதைத் தேய்க்கலாம். முதலாண்டு மாணவர்கள் எங்கே எப்போது அட்டையைத் தேய்த்தார்கள் என்ற மூன்று வருடப் பதிவுகளைப் பெயர்களை நீக்கிவிட்டு அவர் ஆராய்ந்தார். 2018இல் அதைப் பற்றிச் செய்தி வந்தது. இரண்டு பேர் அடிக்கடி ஒரே கடையில் ஒரே நேரத்தில் அடுத்தடுத்துத் தேய்த்தால் அவர்கள் நண்பர்களாக இருக்கலாம். அந்த நட்பு வட்டம் மாதத்துக்கு மாதம் சுருங்கினால், அந்த மாணவர் அடுத்த ஆண்டு படிப்பை விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். பாதியில் போகக்கூடியவர்களை 85 முதல் 90 சதவீதம் வரை சரியாக முன்கூட்டியே சொல்ல முடியும் என்றது ஆய்வு.

இதைப் படித்தபோது எனக்கு உடனே கோபம் வரவில்லை. காரணம், ஆசிரியர்களாகிய நாங்கள் செய்ததும் அதுதான். மத்தியானம் வேப்பமரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் பையன் ஒருநாள் தூணோரமாகத் தனியாக உட்கார்ந்தால் கண்ணில் படும். இரண்டு வாரம் அப்படியே இருந்தால், வீட்டில் ஏதோ சரியில்லை, அல்லது கேரளாவுக்கு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். கூப்பிட்டு விசாரித்தால் சில நேரம் படிப்பு நின்றுபோவதைத் தடுக்கலாம். முப்பதாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் எந்த ஆசிரியருக்கும் அந்தக் கண் கிடையாது. அட்டை அதைக் கொடுக்கிறது என்றால் அதை அப்படியே தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் பார்க்கிறேன் என்பது பையனுக்குத் தெரியும். எனக்குப் பிடிக்காவிட்டால் இடத்தை மாற்றி உட்காரலாம், "ஒண்ணுமில்ல சார்" என்று பொய் சொல்லலாம். நான் பார்த்தது என் தலைக்குள்தான் இருக்கும், நாள் போனால் மறந்தும் போகும். தேநீருக்காக அட்டையைத் தேய்த்த பெண்ணுக்கு அந்தத் தேய்ப்பு தன் நட்பின் அளவுகோலாகும் என்று யார் சொன்னார்கள்? அந்த ஆய்வில் பெயர் நீக்கப்பட்டிருந்தது, சரி. ஆனால் உதவி செய்ய வேண்டும் என்றால் பெயர் வேண்டுமே. பெயர் திரும்பி வந்துவிட்டால் அந்தப் பட்டியலை விடுதிக் காப்பாளர் பார்க்கலாமா, பெற்றோர் பார்க்கலாமா, நாளைக்கு வேலை கொடுக்க வரும் நிறுவனம் கேட்டால் கொடுக்கலாமா? ஒரு பெண் எந்தப் பையனோடு அடுத்தடுத்துத் தேய்த்தாள் என்ற பதிவு நம் ஊர்களில் யார் கையில் போனால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டாம். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குத் தெரியும்.

பாதுகாப்பும் அப்படி ஒன்றும் இரும்புக்கோட்டை கிடையாது. உலகெங்கும் வளாகக் கதவுகளிலும் பஸ், ரயில் அட்டைகளிலும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் என்ற சில்லின் பூட்டை 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அவர்களுடைய கட்டடக் கதவுகளே அந்தச் சில்லை நம்பித்தான் இருந்தன. கட்டுரையை வெளியிடக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. ஆர்னெம் நீதிமன்றம் ஜூலை மாதம் வெளியிடலாம் என்று சொல்லிவிட்டது. பூட்டு விற்றவனைவிடப் பூட்டை உடைத்துக் காட்டியவன் ஊருக்கு நல்லது செய்தான் என்பது என் கட்சி.

நம் தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு இன்னொரு வகை. 2017 ஏப்ரலில் ரேஷன் கார்டுக்குப் பதில் ஸ்மார்ட் கார்டு வந்தது நினைவிருக்கும். அதற்குள் சில்லு கிடையாது. பளபளப்பான பிளாஸ்டிக், அதன்மேல் ஒரு கியூஆர் கட்டம், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு எமிஸ் எண்ணோடு கொடுத்த அட்டையும் அந்தச் சாதிதான். அட்டைக்கு மூளை இல்லை, மூளை எங்கோ சென்னையில் இருக்கும் கணினியில். இதனால் அட்டை தொலைந்தால் கவலை இல்லை, வேறு அச்சடிக்கலாம். ஆனால் கணினியில் பெயர் தப்பாக இருந்தால் கையில் இருக்கும் அட்டை எவ்வளவு பளபளத்தும் பயனில்லை.

பெயர் தப்பு என்பது நம் பக்கத்தில் சின்னச் சங்கதி இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான். அது பள்ளியில் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் தகப்பனார் பெயர் முழுசாக. இசக்கியம்மாளை ஆங்கிலத்தில் எழுத ஐந்து விதம் உண்டு, ஐந்தும் ஒரே பிள்ளைக்கு ஐந்து ஆவணங்களில் இருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். கணினி பார்த்தால் ஐந்து ஆள். 2023இல் மத்திய அரசு அறிவித்த அபார் என்ற 12 இலக்க மாணவர் எண்ணுக்கும் ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒரு புள்ளிக்காகவும் ஓர் எழுத்துக்காகவும் கூலி வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் இ-சேவை மையத்துக்கு நடக்கிறார்கள். மச்சத்துக்கு எழுத்துப்பிழை வராது என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

பதிவு உதவுகிற இடத்தையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். ஏழு வருடம் அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்று நிரூபிக்க ஒவ்வொரு பள்ளியாகச் சான்றிதழுக்கு அலைந்தால் அந்த ஆயிரம் ரூபாய் பஸ் காசுக்கே போய்விடும். பள்ளிப் பதிவு கணினியில் ஒழுங்காக இருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். பார்பரோசா கொடுத்த பாதுகாப்பு மாதிரி, இங்கே அடையாளம் பிள்ளைக்கு லாபம். இதை ஒத்துக்கொள்ளாமல் கணினியை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை.

பஸ் பாஸ் கதையைப் பாருங்கள். ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பாஸ் அச்சாகி வரத் தாமதமாகும். அப்போதெல்லாம், சீருடையில் வந்தாலே இலவசமாக ஏற்றிக்கொள்ளுங்கள், பழைய பாஸே போதும் என்று அரசு கண்டக்டர்களுக்குச் சொல்லும். தென்காசியிலிருந்து குற்றாலம் வரும் டவுன் பஸ்ஸில் சாரல் கூட்டத்துக்கு நடுவே கண்டக்டர் அட்டையா பார்க்கப் போகிறார்? சீருடையைப் பார்ப்பார், "உள்ள போ" என்பார். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனபோதும் எந்த அட்டையும் வைக்கவில்லை. பெண் என்றால் ஏறலாம். யாருக்கு உரிமை என்பதைத் தாராளமாக வைத்துவிட்டால் அட்டையின் வேலை பாதி குறைந்துவிடுகிறது. நம் அதிகாரிகளுக்கு இது தெரிந்தேதான் இருக்கிறது, எல்லா நேரமும் நினைவுக்கு வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது. அபார் எண்ணுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அது விருப்பத்தின் பேரில்தான். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது, பிள்ளைகளின் நடமாட்டத்தையும் நடத்தையையும் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்குத் தடை போடுகிறது. பெரும்பாலான கல்லூரி மாணவர்கள் 18ஐத் தாண்டியவர்கள் என்பதால் அவர்கள் கையெழுத்தை அவர்களே போட வேண்டும். சேர்க்கை நாளில் இருபது காகிதத்தோடு இருபத்தொன்றாவதாக நீட்டப்படும் படிவம் அது. படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள் அம்மா.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: மகளின் அட்டையை வாங்கிப் பாருங்கள். வங்கியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று வங்கியிலேயே கேளுங்கள். விடுதி வாசலில் தேய்த்தால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வருகிறதா? வந்தால், அது உங்களுக்கு மட்டும்தான் வருகிறதா என்று கேளுங்கள். கேன்டீன் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், படிப்பு முடிந்தபின் அழிப்பார்களா என்று மகளையே கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

2018 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் டியூக், அலபாமா, ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களில் அட்டையே கைப்பேசிக்குள் போய்விட்டது. சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் அட்டையிலேயே பஸ் கட்டணமும் கழிகிறது. அங்கெல்லாம் இருக்கும் என் பழைய பிள்ளைகள், உங்கள் அட்டை என்னென்ன வேலை செய்கிறது, எந்த வேலையை முதலில் சொல்லாமல் பிறகு சேர்த்தார்கள் என்று கீழே எழுதுங்கள். தமிழில் எழுதினால் கூடுதல் மதிப்பெண். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, நான் நடந்துவிட்டு வந்து படிக்கிறேன்.